மெனிஞ்சோஎன்செஃபலோமைலைட்டிஸ்: காய்ச்சலா, அழற்சியா?

எதிர்வீட்டு அக்கா ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லு தம்பி" என்றார். அவர் வளர்க்கும் நான்கு வயது பக் நாய் காலடியில் இடப்பக்கமாகவே வட்டமடித்துக்கொண்டிருந்தது. தலை ஒருபுறம் சாய்ந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தாண்டிப் போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்தது மெனிஞ்சோஎன்செஃபலோமைலைட்டிஸ் என்ற சொல். கூடவே, காரணம் தெரியவில்லை என்று ஒரு குறிப்பு. டாக்டர் புரியட்டும் என்று "மூளைக் காய்ச்சல் மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். அக்கா மூன்று நாளாகத் தெர்மாமீட்டரும் கையுமாக இருந்தார். காய்ச்சல் அடிக்கவே இல்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். கிரேக்கத்தில் 'மெனிங்ஸ்' என்றால் சவ்வு. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் மூன்று அடுக்கு உறைகளுக்கு அது பெயராயிற்று. 'என்கெஃபலோஸ்' என்பதில் 'என்' என்றால் உள்ளே, 'கெஃபலே' என்றால் தலை. தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. 'மியெலோஸ்' என்றால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. முதுகெலும்புக் குழாய்க்குள் மென்மையாக ஓடும் தண்டுவடத்தையும் கிரேக்கர்கள் ஒருவகை மஜ்ஜையாகவே கண்டார்கள். அதனால்தான் எலும்பு மஜ்ஜையில் சீழ் பிடிக்கும் ஆஸ்டியோமைலைட்டிஸிலும், தண்டுவடத்தைத் தாக்கும் போலியோமைலைட்டிஸிலும் ஒரே 'மைல்' உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் நம் 'மூளை'யைக் கவனிக்க வேண்டும். பழைய தமிழ் அகராதிகளில் மூளைக்கு, தலைக்குள் இருப்பது என்ற பொருளோடு எலும்பின் உள்ளீடு, அதாவது மஜ்ஜை என்ற பொருளும் உண்டு. தெலுங்கில் 'மூலுக' என்றால் மஜ்ஜை. நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சுகிறோமே, அதுதான். கன்னடத்தில் 'மூளே' என்றால் எலும்பே. ஓட்டுக்குள் இருக்கும் மெத்தென்ற பொருள் எதுவானாலும் ஒரே இனம் என்று நம் முன்னோரும் நினைத்திருக்கிறார்கள், கிரேக்கரும் நினைத்திருக்கிறார்கள். ஒலி நெருங்கி வருகிறதே என்று மியெலோஸையும் மூளையையும் ஒரே வேரில் கட்டிவிட வேண்டாம். வேர்கள் வேறு. பார்வை மட்டும் ஒன்றாக இருந்திருக்கிறது, எனக்கு அதுவே போதும்.

தண்டுவடம் என்ற சொல்லும் அருமையானது. தேரை இழுக்கும் வடத்தைப் பார்த்தவர்களுக்கு, பல புரிகள் சேர்ந்து முறுக்கிய கயிறு என்பது உடனே மனதில் வரும். இலங்கைப் பாடநூல்கள் இதையே முண்ணாண் என்கின்றன. முள்ளும் நாணும் சேர்ந்தது. எதை எழுதினாலும் பிழையில்லை.

இனி கடைசித் துண்டு, 'ஐட்டிஸ்'. கிரேக்கத்தில் இதற்கு 'அதைச் சார்ந்தது' என்றுதான் பொருள். 'ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்' என்றால் மூட்டைச் சார்ந்த நோய். நாளடைவில் 'நோய்' உதிர்ந்துபோய் ஒட்டு மட்டும் நின்றது. பிற்கால மருத்துவர்கள் அதை இன்ஃப்ளமேஷன் என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இந்த இன்ஃப்ளமேஷனைத் தமிழாக்குவதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

செய்திகளில் 'மூளை வீக்கம்' என்று எழுதுகிறார்கள். முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் இன்ஃப்ளமேஷனுக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: செம்மை, வீக்கம், வெம்மை, வலி. வீக்கம் அதில் ஒன்று, அவ்வளவே. 'மூளைக் காய்ச்சல்' என்பது வெம்மையைப் பிடித்துக்கொள்கிறது. அதையும் உடல் முழுவதற்கும் பரப்பிவிடுகிறது. சரியான சொல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. இன்ஃப்ளமேஷனுக்குள்ளும் 'ஃப்ளாமா' என்ற லத்தீன் தீக்கொழுந்துதான் இருக்கிறது. வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்று சித்த மருத்துவம் எண்ணுவதில் நடுவில் நிற்பதும் இந்த அழலே. மொழிபெயர்க்க உட்கார்ந்தவருக்கு இவ்வளவு பொருந்துகிற சொல் எப்போதாவதுதான் கிடைக்கும்.

எனவே முழுப்பெயர் மூளையுறை–மூளை–தண்டுவட அழற்சி. அன்றாடப் பேச்சுக்கு மூளை தண்டுவட அழற்சி போதும். காரணம் தெரியாத வகையை 'நோய்முதல் அறியா' என்ற அடையோடு எழுதலாம். நோயின் காரணத்துக்கு வள்ளுவர் ஆண்ட சொல் நோய்முதல்.

நாய்களில் இந்த அழல் இரண்டு வழியாகப் பற்றுகிறது. ஒன்று, வெளியிலிருந்து வரும் கிருமி. நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது டிஸ்டெம்பர் என்ற நாய்களின் தொற்றுநோய். 1905-இல் ஆன்ரி கார்ரே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதற்குக் காரணம் வடிகட்டியையும் தாண்டிப் போகும் நுண்ணிய கிருமி என்று காட்டினார். மனிதரின் தட்டம்மை, மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் ஆகியவற்றின் வைரஸ்களோடு ஒரே குடும்பம் அது. வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது, டிஸ்டெம்பர் ஒழியவில்லை. சளியும் பேதியுமாகத் தொடங்கி, தேறிவிட்டது என்று நினைக்கும்போது தாடை மெல்லுவதுபோல ஆடும், தூக்கத்திலும் ஒரு கால் வெட்டி வெட்டி இழுக்கும். குட்டிக்கு ஆறேழு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை இடைவெளி விட்டுப் போடும் தடுப்பூசிதான் காப்பு. ரேபிஸும் பொருளளவில் மூளை தண்டுவட அழற்சியே. ஆகையால் தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாய் தள்ளாடினால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள்.

இன்னொன்று, கிருமியே இல்லாமல் உடலின் காப்புப் படை தன் மூளையையே எரிப்பது. பக், மால்டீஸ், சிவாவா, யார்க்ஷயர் டெரியர் போன்ற சின்ன இனங்களில் அதிகம் காண்பது இதைத்தான். ஸ்கேனும், மூளைத் தண்டுவடத் திரவச் சோதனையும், தொற்று இல்லை என்ற உறுதியும் சேர்ந்தே இந்த முடிவுக்கு வருகிறார்கள். குறுமணித் திரள்கள் உண்டாகும் வகையா, திசு மடியும் வகையா என்பதை மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அறுதியிட முடியும். அதனால்தான் உயிரோடு இருக்கும் நாயின் ரிப்போர்ட்டில் 'நோய்முதல் அறியா' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். டாக்டருக்குத் தெரியவில்லை என்று அதற்குப் பொருளில்லை. பீகிள், பாக்ஸர் போன்ற இனங்களின் இளம் நாய்களுக்கு வரும் ஒருவகை உறை அழற்சியில் மட்டும் காய்ச்சலும் கழுத்து வலியும் பளிச்சென்று தெரியும். அது ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

சொல் தவறினால் மருந்தும் தவறுகிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். மூளைக் காய்ச்சல் என்று கேட்டவர் காய்ச்சல் மாத்திரையைத் தேடுவார். மனிதருக்கான பாராசிட்டமாலைக் கொடுத்து நாயின் ஈரலைக் கெடுத்துவிடுவார். காய்ச்சல் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று, அழற்சியை அடக்கக் கொடுத்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவார். அணையாத அழல் திரும்பப் பற்றும். அதோடு, வாரக்கணக்கில் ஸ்டீராய்டு பெற்ற உடல், தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் நாய் துவண்டு விழும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், அதுவும் பல மாதம்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "உள்ளுக்குள்ள கனல் இருக்குக்கா, மேல தொட்டா சுடாது. டாக்டர் சொல்ற வரைக்கும் மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றேன். தெர்மாமீட்டரை அலமாரியில் வைத்தார். மறுநாள் போனபோது தினசரிக் காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "அழற்சி மாத்திரை, காலை ஒண்ணு, ராத்திரி அரை, சாப்பாட்டுக்கு அப்புறம்."