ஓட்டுனது யாருன்னு உண்மைய எழுதுங்க

போன வாரம் பார்த்த கார் அது. ஹைவேல போறப்ப முன்பக்க டயர் வெடிச்சு நடு மீடியன்ல ஏறி நின்னிருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக சேதத்தப் பார்த்து ரிப்போர்ட் குடுக்கற சர்வேயர் நான். மறுநாள் காலைல சர்வேக்குப் போறேன், அப்பாவும் பொண்ணும் நிக்கறாங்க, கிளெய்ம் ஃபார்ம்ல ஓட்டுனர்னு அப்பா பேரு. மனுஷன் ஆறடிக்கு குறையாத உயரம். கதவத் திறந்தா டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் முன்னாடி இழுத்து வெச்சிருக்கு, அவர் உக்காந்தா முழங்காலே உள்ள நுழையாது. நடுக் கண்ணாடி கீழ்நோக்கி சாஞ்சிருக்கு. பக்கத்துல தலைகுனிஞ்சு நின்ன பொண்ணோட வலது தோள்ல, கழுத்தோரமா, சீட் பெல்ட் அழுத்துன செவப்புத் தடம்.

"லைசென்ஸ் இருக்காம்மா?"ன்னு பொண்ணுகிட்டதான் கேட்டேன். இருக்கு! ரெண்டு வருஷமா இருக்கு, கார் லைசென்ஸ்தான், தேதியும் சரியா இருக்கு. அப்புறம் எதுக்கு சார் மாத்தி எழுதுனீங்கன்னா, "பாலிசி என் பேர்ல இருக்கு, வேற யாராச்சும் ஓட்டுனா பணம் வராதுன்னு சொன்னாங்க"ங்கறார்.

இத எத்தன தடவ கேட்டுட்டேன்னு எனக்கே கணக்கில்ல, அதான் இன்னிக்கு எழுத உக்காந்துட்டேன். பாலிசி உங்க பேர்ல இருக்குன்னா வண்டி உங்களோடதுன்னு அர்த்தம், நீங்க மட்டும்தான் ஓட்டணும்னு அர்த்தம் இல்ல. சொந்த கார் பாலிசிய எடுத்து டிரைவர்னு போட்டிருக்கற பாராவப் படிங்க, ஓட்டுறவங்ககிட்ட விபத்து நேரத்துல செல்லுபடியாகுற லைசென்ஸ் இருக்கணும், லைசென்ஸ் தடை செஞ்சிருக்கக் கூடாது, அவ்ளோதான் கேக்குது. பொண்டாட்டி ஓட்டலாம், தம்பி ஓட்டலாம், சம்பளத்துக்கு வெச்ச டிரைவர் ஓட்டலாம், நீங்க சாவி குடுத்த ஃப்ரெண்டு ஓட்டலாம். எல்எல்ஆர், அதாவது பழகுனர் லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க கூட ஓட்டலாம், எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ளவர் சொல்லிக்குடுத்துகிட்டு பக்கத்துல உக்காந்திருந்தா. அந்தப் பொண்ணு பேர எழுதியிருந்தா லைசென்ஸ் விஷயத்துல ஒரு கேள்வி கூட வந்திருக்காது. கிளெய்ம் பொய் எழுதுனதால கெட்டது, அவ ஓட்டுனதால இல்ல. "நானே கையெழுத்து போட்டிருந்தா வந்திருக்குமா சார்?"னு கேட்டா. வந்திருக்கும்மான்னு சொல்றதுக்கே கஷ்டமா இருந்துச்சு. பார்த்தத பார்த்தபடி ரிப்போர்ட்ல எழுதறதுதான் என் வேல, வேற வழி இல்ல.

லைசென்சே இல்லாதவங்க ஓட்டுறது வேற கதை. வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கேன்னு பதினாறு வயசுப் பையன்கிட்ட சாவி குடுக்கறவங்க தயவுசெஞ்சு நல்லா கேட்டுக்கோங்க. அடிபட்டவருக்கு கம்பெனி மொதல்ல குடுத்துட்டு, அந்தப் பணத்த உங்ககிட்ட வசூல் பண்ணிக்கோன்னு தீர்ப்பாயங்கள் உத்தரவு போடுது, அப்ப போறது உங்க வீடும் நெலமும்தான். மோட்டார் வாகன சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் 199ஏ பிரிவுல பெத்தவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டி ஆர்சி 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது.

தேதி முடிஞ்ச லைசென்சும் இதே பாடுதான். பழைய முறைல 20 வருஷத்துக்கு குடுத்தாங்க, இல்லன்னா 50 வயசு வரைக்கும், ரெண்டுல எது முன்னாடி வருதோ அது. 2005ல, 2006ல எடுத்தவங்களுக்கு எல்லாம் இப்பதான் முடியுது, ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல. முன்ன முடிஞ்சப்புறம் 30 நாள் சலுகை இருந்துச்சு, அதையும் 2019ல எடுத்துட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள புதுப்பிச்சுக்கலாமேங்கறாங்க, புதுப்பிச்சுக்கலாம், ஆனா புதுப்பிக்காம விட்ட அந்த இடைப்பட்ட நாள்ல வண்டி ஓட்ட உரிமை இல்ல, விபத்து அந்த நாள்லதான் நடக்குது. ஒரு வருஷம் தாண்டுனா திரும்ப டெஸ்ட் ஓட்டிக் காட்டணும். முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அப்பவே போயிருங்க.

அந்தப் பொண்ணு டயர் வெடிச்ச சத்தத்துல பயந்து பிரேக்க ஓங்கி மிதிச்சிருக்கா, யாரா இருந்தாலும் கால் அங்கதான் போகும். ஆனா அத செஞ்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டு போயிரும். ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் நேரா இறுக்கிப் புடிங்க, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க, வேகம் தானா கொறையட்டும், அப்புறம் ஓரம் கட்டுங்க. பிரேக்கே புடிக்கலன்னா பெடல விட்டு விட்டு மிதிங்க, கியர ஒண்ணொண்ணா கொறைங்க, ஹேண்ட்பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, ஒரேயடியா இழுத்தா பின்சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திடும். ஓடுற வண்டில சாவிய திருப்பி எடுத்துடாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆகும்.

இன்னொன்னு, கல்லுல அடிச்சு, இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கற தொட்டி, ஆயில் சம்ப், ஒடஞ்சிருக்கும், டேஷ்போர்டுல ஆயில் சிவப்பு லைட் எரிஞ்சிட்டே இருக்கும், வீடு பக்கம்தானேன்னு ஓட்டிட்டு வந்துடுவாங்க. சம்ப்புக்கு பணம் வரும், ஆயில் இல்லாம ஓடி ஜாம் ஆன இன்ஜினுக்கு வராது. ரிப்பேர் பண்ணாம ஓட்டி சேதம் அதிகமானா அது உங்க பொறுப்புன்னு பாலிசிலயே இருக்கு. வெள்ளத்துல நின்னுபோன வண்டிக்கு செல்ஃப் அடிக்கறதும் இப்படித்தான், சிலிண்டருக்குள்ள தண்ணி போய் கனெக்டிங் ராடு வளைஞ்சிரும், இன்ஜின் புரொடெக்ஷன்னு தனியா எடுக்கலன்னா பெரும்பாலும் கைக்காசுதான். தள்ளுங்க, கட்டி இழுக்கச் சொல்லுங்க, ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க.

அடிபட்டவங்க இருந்தா மொதல்ல 108, அப்புறம்தான் மத்ததெல்லாம். போலீஸுக்கு எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம், 24 மணி நேரம் தாண்டக் கூடாது. அடிபட்டவங்கள தூக்கிட்டுப் போனா நம்ம மேல கேஸ் வந்துடும்னு வழில போறவங்க ஒதுங்காதீங்க, நல்லெண்ணத்துல உதவுறவங்களுக்கு அதே சட்டத்துல 134ஏ பிரிவு பாதுகாப்பு இருக்கு. வண்டிய நகத்தறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க, கம்பெனிக்கு அன்னிக்கே சொல்லுங்க, நாங்க வந்து பாக்கற வரைக்கும் எதையும் கழட்ட விடாதீங்க. பட்டறைல "நான் பாத்துக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு வெத்து ஃபார்ம நீட்டுவாங்க. போடாதீங்க. பத்து நிமிஷம் உக்காந்து நீங்களே நிரப்பிட்டு, ஓட்டுனவங்கள பக்கத்துல வெச்சு ஒரு தடவ படிச்சுப் பார்த்துட்டு அப்புறம் குடுங்க.