பார்க்வே: பூங்காச்சாலை

அமெரிக்க முகவரிகளில் 'பார்க்வே' அடிக்கடி வரும். வண்டி நிறுத்தும் 'பார்க்கிங்' இல்லை. இது பூங்கா 'பார்க்'. 'வே' வழி. பூங்காவுக்குப் போகிற வழி என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. பூங்காவே நீண்டு சாலையாகிவிட்டால் அதுதான் பார்க்வே.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் 1860களில் இந்தச் சொல்லைப் பரப்பினார்கள். பாரிஸ், பெர்லின் நகரங்களின் அகலமான மரவீதிகளைப் பார்த்துப் பிறந்த யோசனை. புரூக்ளினில் 1870 முதல் 1874 வரை போடப்பட்ட ஈஸ்டர்ன் பார்க்வேயில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம்: நடுவில் பெரிய வண்டிப்பாதை, இருபக்கமும் மர வரிசையோடு நடைபாதை, அதற்கும் வெளியே வீட்டு வாசல்களுக்கென்று சின்னச் சாலை. சரக்கு வண்டிகளின் சந்தடி இல்லாமல் காற்று வாங்கிக்கொண்டே போகலாம்.

இதையே ஊர் முழுக்க விரித்துப் பார்த்த இடம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம். பூங்காவுக்கு இடம் பார்க்க 1868இல் அழைக்கப்பட்ட ஓம்ஸ்டெட், ஒன்று போதாது என்று மூன்று பூங்காக்களைச் சொல்லி, அவற்றை பார்க்வேக்களால் இணைக்கத் திட்டம் தந்தார். அவற்றில் ஹம்போல்ட் பார்க்வே 200 அடி அகலம், நடுவே வரிசை வரிசையாக மரங்கள். 1960களில் விரைவுச்சாலைக்காக அதைத் தோண்டிப் பள்ளமாக்கிவிட்டார்கள். என்ன சொல்ல!

அதற்குள் சொல்லின் பொருளும் நகர்ந்திருந்தது. கார் வந்த பிறகு, நியூயார்க் பக்கம் லாரிகளை அனுமதிக்காத வேகச்சாலைகளுக்கும் பார்க்வே என்றே பேர். இப்போது சில ஊர்களில் ஒரு மரம்கூட இல்லாத சாலைக்கும் அந்தப் பெயர் உண்டு.

சரி, தமிழில்? 'நிழற்சாலை' அவென்யூவுக்குப் போய்விட்டது. நிழல் தரும் மரம் இருந்தால் அதற்குப் போதும். 'பசுமை வழி' எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் உதவாது. 'பூங்காச்சாலை' எனக்குச் சரியாகப் படுகிறது. இருமருங்கும் மரம் நிற்கும் பெருவழிக்கு 'சாலை' என்ற பொருள் தமிழில் முன்பே உண்டு. ஓம்ஸ்டெட் காலத்து வடிவத்துக்கு இதை எழுதலாம். லாரி நுழையாத வேகச்சாலைக்கு வேண்டாம், அங்கே 'பார்க்வே'யே இருக்கட்டும். முகவரியிலும் அப்படித்தான்: ஈஸ்டர்ன் பார்க்வேயை 'கிழக்குப் பூங்காச்சாலை' ஆக்கினால் கடிதம் போய்ச் சேராது.