பிந்திக் கிளம்பி முந்திய தடுப்பூசி

"தாத்தாவின் மேற்கையில் இருக்கும் வட்டத் தழும்பு எனக்கு ஏன் இல்லை?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். அது அம்மை குத்திய தழும்பு. பெரியம்மை ஒழிந்துவிட்டதென 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குத்தும் வேலை முடிந்தது. விடை இவ்வளவுதான். ஆனால் ஒழித்த விதத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

எல்லோருக்கும் குத்த வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் இருந்த மருத்துவர் வில்லியம் ஃபோகியிடம் அதற்குப் போதிய மருந்து இல்லை. இளமையில் காட்டுத்தீ அணைக்கும் வேலை பார்த்தவர் அவர். தீயைச் சுற்றி எரிபொருளை அகற்றுவதுபோல, நோயாளியைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு முதலில் குத்தினார். நோய் அடங்கியது.

சுற்றியிருப்பவர் உடலில்தான் கிருமி ஏற்கெனவே புகுந்திருக்குமே, பிறகு குத்தி என்ன பயன்? இந்த இடம்தான் எனக்கு எப்போதும் வியப்பு. மூச்சோடு நுழையும் பெரியம்மை வைரஸ் சாவகாசப் பேர்வழி. நிணநீர் முடிச்சுகளில் பெருகி, இரத்தத்தில் இறங்கி, மண்ணீரல் போன்ற உறுப்புகளில் மறுபடி பெருகி, மீண்டும் இரத்தத்துக்கு வந்த பிறகே காய்ச்சலும் கொப்புளமும். இதற்கு ஏறக்குறைய 12 நாட்கள். தடுப்பு மருந்தில் இருப்பதோ அதன் பங்காளியான வாக்சீனியா வைரஸ். அதை நேராகத் தோலிலேயே விடுகிறோம், சுற்றுப்பாதை இல்லை. உடலின் எதிர்ப்புப் படை அதைப் பார்த்துப் பயிற்சி பெற்றுத் தயாராகும்போது, பெரியம்மை இன்னும் வழியில் இருக்கிறது. தொற்றி மூன்று நாட்களுக்குள் குத்தினால் பெரும்பாலும் நோயே வராது. காய்ச்சல் கண்ட பிறகே அது பிறருக்குப் பரவும் என்பதும், ஒளிந்துகொள்ள அதற்கு வேறு விலங்கு இல்லை என்பதும் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

1967இல் தீவிரமான உலகப் பெரியம்மை ஒழிப்பு இயக்கத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். இன்னொரு லாபத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதன்முறை அம்மை குத்தப்பட்ட பத்து லட்சம் பேரில் ஓரிருவர் தடுப்பூசியாலேயே இறந்தார்கள். நோயோடு அந்தச் சாவும் ஒழிந்தது. வராத நோய்க்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால்தானோ என்னவோ, இப்படிப்பட்ட பணிகளுக்கு நிதி கேட்டால் அரசுகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் அலி மாவ் மாலின், மருத்துவமனைச் சமையல்காரர். 1977 அக்டோபரில் நோய் கண்டு, பிழைத்தார். வலிக்கும் என்று பயந்து தடுப்பூசிக்குத் தப்பியவர் அவர். பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தயங்கிய பெற்றோரிடம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.