தக்காளி லிஸ்ட், காய்கறி லிஸ்ட் ஆகாது

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட் மாதிரி மொத்தக் கடைகளுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதும் டீமில் கோட் ரிவ்யூ என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்பார்கள். காய்கறி என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு); அதிலிருந்து தக்காளி, கத்தரிக்காய் பிரியும். தக்காளி ஆப்ஜெக்டைக் காய்கறி வேரியபிளில் வைத்தால், நாங்கள் எழுதும் சி ஷார்ப் மொழி வாயே திறக்காது. லிஸ்ட்<தக்காளி>யை லிஸ்ட்<காய்கறி>யில் வைத்தால் உடனே சிவப்புக் கோடு, ‘டைப்பை மாற்ற முடியாது’ என்னும் எரர் சி.எஸ் 0029. “அண்ணே, தக்காளியும் காய்கறிதானே, இதுக்கு என்னவாம்?”

சரியென்று விட்டால், அடுத்த வரியில் யாராவது அதே லிஸ்டில் கத்தரிக்காயை ஆட் செய்வார்கள். வேரியபிள் காய்கறி என்றாலும் உள்ளே இருப்பது தக்காளி லிஸ்ட்தான். அதை நம்பி எழுதிய இன்னொரு லூப் கத்தரிக்காயைக் கண்டு என்ன செய்யும்? லிஸ்டிலிருந்து எடுப்பதில் வம்பில்லை, போடுவதில்தான் வம்பு.

ஐஎனுமரபிள் என்பது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க மட்டும் உதவும் இன்டர்ஃபேஸ் (கிளாஸ் தர வேண்டிய மெத்தடுகளின் ஒப்பந்தம்); அதில் போடவே வழியில்லை. அதனால்தான் 2010-இல் வந்த சி ஷார்ப் 4.0 அதன் டைப் பாராமீட்டருக்கு (கூர் அடைப்புக்குள் வரும் டைப்) முன்னால், ‘வெளியே மட்டும் வரும்’ என்று சொல்லும் ‘அவுட்’ சேர்த்தது. தக்காளி லிஸ்டை ஐஎனுமரபிள்<காய்கறி> என்று தாராளமாகக் கொடுக்கலாம். ஐரீட்ஒன்லிலிஸ்டும் அப்படியே. கிளாஸ் மாதிரி ரெஃபரன்ஸ் டைப்புக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. இன்ட், டெசிமல் மாதிரி வேல்யூ டைப்புகளுக்குக் கிடையாது.

நான் பயப்படுவது சிவப்புக் கோட்டுக்கு அல்ல, அதை வாயடைக்கும் வித்தைகளுக்கு. லிஸ்டை முதலில் ஆப்ஜெக்டாக்கி, பிறகு காய்கறி லிஸ்டாக காஸ்ட் செய்தால் (‘இது இந்த டைப்தான்’ என்று அடித்துச் சொன்னால்) பில்டு பாஸாகும்; ஓடும்போது இன்வாலிட்காஸ்ட் எக்ஸெப்ஷன். அர்ரே இன்னும் மோசம், காஸ்ட்டே வேண்டாம். தக்காளி அர்ரேயைக் காய்கறி அர்ரே என்றால் ஜாவாவும் சி ஷார்ப்பும் ஒத்துக்கொள்ளும். கத்தரிக்காயை வைக்கும் நொடியில்தான் விழும்; லோடு இறங்கிக்கொண்டிருக்கும் விடிகாலையில் கடைக்கார அண்ணாச்சி போன் போட்டு விசாரிப்பார். டூலிஸ்ட் போட்டுத் தப்பிப்பவர்களும் உண்டு. அது நகல், அதில் சேர்ப்பது மூல லிஸ்டுக்குப் போய்ச் சேராது.

ரிட்டர்ன் டைப்பில்தான் அனுபவசாலிகளும் மாட்டுகிறார்கள். இன்டர்ஃபேஸ் ஐஎனுமரபிள்<காய்கறி> தருவதாகச் சொல்கிறது. கிளாஸ் அதே மெத்தடில் லிஸ்ட்<தக்காளி> என்று அறிவித்தால், ரிட்டர்ன் டைப் பொருந்தவில்லை என்று எரர் சி.எஸ் 0738. “சி ஷார்ப் 9-இல் இதை அனுமதித்துவிட்டார்களே?” என்று கேட்பார்கள். 2020-இல் வந்தது உண்மைதான், ஆனால் அது கிளாஸில் ஓவர்ரைடு செய்யும் (மேல் கிளாஸில் இருப்பதை மாற்றி எழுதும்) மெத்தடுக்கும் ரீட்ஒன்லி பிராப்பர்ட்டிக்கும். இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யும்போது ரிட்டர்ன் டைப் அச்சு அசலாக இருக்க வேண்டும். ஜாவாவிலிருந்து வருபவர்கள் குழம்புவது நியாயமே. அங்கே 2004-இன் ஜாவா 5 முதலே குறுகலான டைப்பைத் தரலாம்.

சி ஷார்ப்பில் நான் சொல்லும் வழி: மெத்தடின் தலைப்பில் இன்டர்ஃபேஸ் சொன்னதையே எழுது, உள்ளே தக்காளி லிஸ்டை ரிட்டர்ன் செய். குறிப்பான டைப்பும் தேவைப்பட்டால், லிஸ்ட்<தக்காளி> தரும் பப்ளிக் மெத்தட் ஒன்று. பக்கத்திலேயே இன்டர்ஃபேஸுக்கென்று எக்ஸ்ப்ளிசிட் இம்ப்ளிமென்டேஷன் (இன்டர்ஃபேஸ் பெயரோடு எழுதும் மெத்தட்) ஒன்று, முந்தையதைக் கூப்பிட்டால் போதும்.

டேட்டாபேஸ் பக்கம் போனால் டாஸ்க், அதாவது பின்னால் வரப்போகும் விடைக்கான சீட்டு, வந்து நிற்கும். டாஸ்க் ஒரு கிளாஸ், ‘அவுட்’ கிடையாது. டாஸ்க்<லிஸ்ட்<தக்காளி>>யை டாஸ்க்<ஐஎனுமரபிள்<காய்கறி>> என்று நேரே ரிட்டர்ன் செய்ய முடியாது. மெத்தடை அசின்க் ஆக்கி, அவெய்ட் செய்து (விடை வரும்வரை காத்திருந்து) லிஸ்டை வெளியே எடுத்து ரிட்டர்ன் செய்தால் கம்பைலர் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.