2.1-ல் அந்தப் புள்ளி ஒன்று எதற்கு?

"அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, ரெண்டு பிள்ளை போதுமே. மக்கள்தொகை குறையாம இருக்க 2.1 வேணும்னு ஏன் சொல்றாங்க?" என்று வில்லிவாக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 'பதினாறு பிள்ளை' பற்றிப் பேசியதிலிருந்து இந்தப் பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது.

ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8. படிப்பு, தள்ளிப்போகும் கல்யாணம், குறைந்த சிசு மரணம் என்று காரணங்கள் எல்லோரும் அறிந்தவை.

சரி, புள்ளி ஒன்றுக்கு வருவோம். இந்தக் கணக்கில் அப்பாவுக்கு இடமே கிடையாது! அடுத்த தலைமுறையைப் பெறப்போவது பெண்கள். ஒவ்வொரு தாய்க்கும் பிள்ளை பெறும் வயதுவரை உயிரோடு இருக்கும் மகள் ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இயற்கையிலேயே 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. 100 மகள்கள் கிடைக்க 205 பிரசவம் ஆக வேண்டும். தாய்க்கு 2.05. சிறுவயதிலேயே இறந்துபோகும் மகள்களுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 2.1.

இந்த எண் ஊருக்கு ஊர் மாறும் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 2010 வாக்கில் சீனாவில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 118 ஆண் குழந்தைகள். ஸ்கேனில் பார்த்துப் பெண் கருவைக் கலைத்ததன் விளைவு. 100 மகள்களுக்கு அங்கே 218 பிரசவம். இறப்பைச் சேர்க்காமலே 2.18! பெண் வேண்டாம் என்ற சமூகம், இருக்கிற பெண்களிடம் கூடுதல் பிரசவம் கேட்கிறது. நாமும் 1994-ல் இதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. (ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. திட்டு வாங்குவதோ மருமகள்.)

அப்புறம், பிள்ளை பெற வேண்டிய பெண்களின் நாள் எப்படிப் போகிறது? சென்னைக்கு அருகே ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளைப் பாருங்கள். உலகச் சந்தைக்கான போனும் காரும் அங்கே தயாராகின்றன. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ 10-ல் 4 பேர் தமிழ்நாட்டில்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் அடுத்த ஷிப்ட். 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குத் தினமும் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்களே 97 நிமிடம்தான். தென்கொரியா பல ஆண்டுகளாகப் பிள்ளை பெறப் பணம் கொடுத்துப் பார்த்தது. ஆனாலும் 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தைதான்.

50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் இங்கே சட்டம் திருத்தப்பட்டது. ஒரகடத்தில் எத்தனை காப்பகம் உண்மையிலேயே நடக்கிறது என்று எண்ண ஓர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குங்கள். பதினாறை அப்புறம் பேசலாம்.