கிழங்கை எழுப்புவது குளிரா, மழையா?

திருகோணமலையில் டியூலிப் கிழங்கை நட்டால் முளைக்கும், இரண்டு மூன்று இலையும் விடும், ஆனால் பூ வராது. வந்தாலும் தண்டு நீளாமல் இலைக்குள்ளேயே முடங்கிவிடும். வெயில் சுட்டுவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குக் கிடைக்காமல் போனது குளிர்.

ஒரு சின்ன வெங்காயத்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடியில் வேர் ஒட்டியிருக்கும் தட்டையான கட்டிதான் அதன் தண்டு, அதற்கு மேல் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் ஏடுகள் எல்லாம் இலைகள், நடுவில் இளம்பச்சையாக ஒரு குருத்து. முழுச் செடியும் சாப்பாட்டோடு மடங்கி, கெட்ட காலம் போகட்டும் என்று உள்ளே காத்திருக்கிறது. எது கெட்ட காலம் என்பதைத் தீர்மானிப்பது அதன் பிறந்த ஊர்.

டியூலிப்பின் ஊர் மத்திய ஆசிய மலைகள். கோடையிலேயே கிழங்குக்குள் பூ உருவாகிவிடும், அப்புறம் 9 பாகை செல்சியசுக்குக் கீழே 12 முதல் 16 வாரம் கிடந்தால்தான் மாச்சத்து சர்க்கரையாகி, தண்டு நீளும் வலு வரும். எங்கள் மார்கழி இரவுக்கு அந்தக் குளிர் எங்கே? பிரிட்ஜில் வைத்து ஏமாற்றலாம், ஆனால் பக்கத்தில் பழம் இருக்கக் கூடாது, பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

எங்கள் பக்கத்துக் கிழங்குகளை எழுப்புவது மழை. மழை லில்லியைக் கவனித்திருப்பீர்கள், வாரக்கணக்காகக் காய்ந்து கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாட்களில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். அவ்வளவு வேகமாக எந்தச் செடியும் புதிதாக ஒரு மொட்டைச் செய்ய முடியாது. மொட்டு முன்பே உள்ளே தயார், தண்ணீர் கிடைத்ததும் அதன் செல்கள் உறிஞ்சி உப்புகின்றன, தண்டு விர்ரென்று மேலே வருகிறது. எனக்கு டியூலிப்பை விட இதுதான் பெரிய அதிசயம்.

பகலின் நீளமும் ஒரு கடிகாரம்தான். நெதர்லாந்தில் ஜூன் மாதப் பகல் 16 மணித்தியாலத்துக்கு மேல், எங்களுக்கு வருடம் முழுக்கப் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் கூடிக் குறையும். நீண்ட பகல் கேட்கும் ஐரோப்பிய வெங்காய இனங்கள் இங்கே தாள் மட்டும் விட்டுக்கொண்டு நிற்பதும், நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் நன்றாகத் திரள்வதும் அதனால்தான்.

சரி, கோடையில் பூப்பவை என்று விற்கும் கிளாடியோலஸ், டாலியா? குளிர் நாடுகளில் உறைபனி முடிந்து சித்திரை, வைகாசியில் நட்டு, அடுத்த உறைபனிக்கு முன் கிண்டி எடுத்து வைப்பார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே வைகாசியில் நட்டால், தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று இலையைக் கருக்கிவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி, அப்போது கிழங்குக்கு எமன் அழுகல். ஆகவே கிளாடியோலஸை மாரி ஓயும்போது நடுங்கள், மூன்று மாத அளவில் பூத்துவிடும், கச்சானுக்கு முன் வேலை முடியும். டாலியா மெக்சிகோ மலைச் செடி, குளிர்ந்த இரவு வேண்டும், அதை நுவரெலியாவுக்கே விட்டுவிடலாம். அதே மெக்சிகோவின் நிலச்சம்பங்கிக்கு எங்கள் வெக்கை பிடிக்கும், மேட்டுப்பாத்தியும் தண்ணீரும் இருந்தால் போதும்.

நட மிகவும் பொருத்தமானது, வேலியோரம் தானாக வரும் கார்த்திகைப்பூ. கோடை முழுக்கத் தூங்கி, மாரி மழைக்கு எழும்பும், இலை நுனியையே சுருட்டிக் கொம்பைப் பிடித்து ஏறும். அதன் கிழங்கில் முளை இருப்பது நுனியில் மட்டும், கிண்டும்போது அது ஒடிந்தால் முளைக்காது. செடி முழுக்கக் கொல்சிசின் என்ற நஞ்சு, கிழங்கில் இன்னும் அதிகம். வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்துத் தின்று இலங்கையில் உயிர் போயிருக்கிறது, அதனால் கிண்டிய கிழங்கைக் குசினிப் பக்கமே கொண்டு போகாதீர்கள், தொட்ட கையையும் நன்றாகக் கழுவுங்கள்.