ஆயில் கசிந்தால் பேஸ்ட்டைத் தேடாதீர்கள்

போன வாரம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய மாருதி 800-ஐக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். என்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துவிட்டது. என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் சேமியா மாதிரி சிலிக்கான் பேஸ்ட் அப்பிக்கிடக்கிறது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் பேரிங் செம்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. "லேசாத்தான் கசிஞ்சுதுண்ணே. பேஸ்ட் வச்சு அடைச்சதும் நின்னுடுச்சு" என்றார் வண்டிக்காரர். கசிவும் நின்றது, வண்டியும் நின்றது.

இப்படி ஒன்றிரண்டு வந்தால் பேசாமல் வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். வந்துகொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பேஸ்ட் சங்கதி. என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரை மூடும்போது பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி போல்ட்டை இறுக்கினால், மிச்சம் இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்கியது உங்கள் கண்ணில் படும், துணியால் துடைத்துவிடுவீர்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அதை யார் துடைப்பது? அது காய்ந்து, நூல் நூலாகப் பிய்ந்து, ஆயிலோடு சம்ப்புக்கு இறங்கி, பம்ப் உறிஞ்சும் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சம்ப்பில் ஆயில் நிறைய இருந்தும் பேரிங்குக்கு ஒரு சொட்டுப் போகாது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், எதையும் கழற்றாமல் ஆயில் பிசுக்கின் மேலேயே வெளியிலிருந்து பூசச் சொல்கிறார்கள். பிசுக்கின் மேல் எந்தப் பேஸ்ட்டும் பிடிக்காது. அது உரிந்து வருவதற்குள் கசிகிற இடமும் மறைந்துபோகும்.

பேஸ்ட்டே கூடாது என்று சொல்லவில்லை. பல என்ஜின்களில் சம்ப்புக்குப் பேக்கிங்கே (இரண்டு பாகத்துக்கு நடுவே வைக்கும் அடைப்பு) கிடையாது, கம்பெனியே பேஸ்ட்தான் போடுகிறது. ஆனால் இரண்டு பரப்பையும் சுரண்டி, துடைத்து, ஈரமோ ஆயிலோ இல்லாமல் காயவைத்து, மெல்லிய ஒரே கோடாக இழுத்து, மூடியபின் இறுக நேரம் கொடுத்து, அப்புறம்தான் ஆயில் ஊற்ற வேண்டும். ரப்பர் பேக்கிங் வரும் இடத்தில் ரப்பர் பேக்கிங்தான். கம்பெனி சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு. பேக்கிங் முழுக்கப் பூசினால் அது வழுக்கி இடம் மாறிவிடும்.

கெட்டி ஆயில் ஊற்றினால் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு: நிற்காது. சூட்டில் வெந்து கல்லாகிப்போன ரப்பரைக் கெட்டி ஆயில் இளக வைக்காது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான் லாபம்.

சரி, எங்கிருந்து கசிகிறது? தரையில் சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். ஆயில் மேலிருந்து வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். கார்புரேட்டர் காலத்து 800-இல், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், என்ஜின் ஹெட்டின் கடைசியில், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். அதன் ரப்பர் வளையம் காய்ந்தால் ஆயில் கியர்பாக்ஸ் மேலேயே வழியும். கீழே படுத்துப் பார்ப்பவருக்குப் பின் ஆயில் சீல் (கிராங்க்கின் பின் முனையில் ஆயிலைத் தடுப்பது) போன மாதிரியே தெரியும். அதை நம்பி கியர்பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி, பில் போட்ட பிறகும் ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். போனது டீக்காசில் கிடைக்கிற வளையம்! எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்: கழுவாமல் எஸ்டிமேட் போடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பிளாஸ்டிக் கவரால் மூடி, என்ஜினைக் கழுவி, காயவைத்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரத்தின் உச்சி எங்கே தெரிகிறதோ அதுதான் இடம்.

பெரும்பாலும் டேப்பட் கவர் பேக்கிங்காக இருக்கும். இல்லையென்றால் ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர். வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போடுங்கள். போல்ட்டின் மேல் எம்-சீல் அப்பி வரும் வண்டிகளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த முறை ஆயிலை எப்படி இறக்குவதாக உத்தேசம்? டேப்பட் கவர் போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். தகடு வளைந்தால் புதுப் பேக்கிங்கும் கசியும்.

மாற்றிய சீல் சில மாதத்திலேயே மறுபடி கசிந்தால் சீலைத் திட்டாமல், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் பைப்பைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே ஏறும் அழுத்தம் எந்த ஓட்டை கிடைத்தாலும் ஆயிலைத் தள்ளும். பைப் சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அது வேறு கணக்கு.

டைமிங் பெல்ட் மாற்றும்போது முன் ஆயில் சீலையும் கேம் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். ஆயிலில் ஊறிய பெல்ட் பாதி வழியில் பல் கழன்றுவிடும். கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறங்கினால் பின் சீலையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கழற்றும் கூலி ஒரு தடவையோடு போகும்.

என்ஜினிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் சூடான மேனிஃபோல்டு மேல் ஆயில் சொட்டி, கருகல் வாசமோ புகையோ வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தீப்பிடிக்கும்.

உடனே சரி செய்யக் காசு இல்லையா? புரிகிறது, பழைய வண்டி வைத்திருப்பவர் கஷ்டம் எனக்குத் தெரியும். அதுவரை வாரம் ஒரு முறையாவது சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஆறியபின் ஆயில் அளவு காட்டும் கேஜ் கம்பியை இழுத்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அது காட்டுவது பிரஷரை, அளவை அல்ல. ஓட்டத்தில் அது எரிந்தால் 'வீடு பக்கம்தான்' என்று ஓட்டாமல் ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.